பிரான்சிஸ் டே: மீன்களின் பெயர் தொகுத்த மருத்துவர்

மலைநாட்டாருக்கும் கடல்நாட்டாருக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டில் மிகத் தொன்மையானது. தேனையும் கிழங்கையும் கொண்டு சென்ற மக்கள் அவற்றிற்கு மாறாக மீன்நெய்யும் நறவும் பெற்று மீண்ட செய்தியைப் பொருநராற்றுப்படை கூறுகின்றது. போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் வாழும் நமக்கும் அவ்வுறவு இன்றளவும் அற்றுப்போகவில்லை. நம் ஊர்க்குக் கடல் தொலைவு. எனினும் கருவாடு இல்லாத சந்தை இல்லை. ஏலமலைச் சரிவில் வேலைக்குச் செல்வோர் கட்டிச் செல்லும் சோற்றுக்கு அதுவே பல நாள் துணை. இக்காலத்தில் பனிக்கட்டிப் பெட்டிகளில் அடைத்த பச்சைமீனும் கிழக்குக் கரையிலிருந்தும், மலைக்கு அப்பாலுள்ள மேற்குக் கரையிலிருந்தும் நம்மிடம் வந்து சேர்கின்றது.

ஆயினும் பண்டை மாற்றுவாணிகத்திற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று கொடுத்தவரும் கொண்டவரும் நேர்முகமாக நின்றனர். இன்று மீன் பல கை மாறி வருகின்றது. கிழக்கிலிருந்து வந்தால் வஞ்சிரம் என்றும், மேற்கிலிருந்து வந்தால் நெய்மீன் என்றும் ஒரே மீன் இரு பெயர் பெறுகின்றது. அஃது எந்தக் கடலில் பிடிபட்டது, முற்ற வளர்ந்ததா, முட்டையிடும் பருவத்தில் வலையில் அகப்பட்டதா, அவ்வினம் பெருகுகின்றதா, அருகுகின்றதா என்பவற்றை வாங்குவோர் அறிய வழி அரிதாகவே உள்ளது. இவ்வறியாமையைச் சிறிதென்று தள்ளிவிடுதல் ஆகாது. வாங்குவோர் கேளாத கேள்விக்கு விற்போர் விடை தேடுவதில்லை. விற்போர் தேடாததைப் பிடிப்போர் பொருட்படுத்துவதற்குக் காரணமும் இல்லை.

ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்விகளையெல்லாம் ஒருங்கு திரட்டி, இந்தியா முழுவதிலும் ஊர் ஊராகக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவரே பிரான்சிஸ் டே என்னும் ஆங்கில மருத்துவர். உயிர்நூல் வல்லார் அவர் பெயரை நன்கறிவர். தமிழ் பயில்வோரோ அவரை அவ்வளவாக அறியார். அவர்தம் வரலாற்றையும், அதனால் நாம் அடையத்தக்க படிப்பினையையும் நேயர்களுக்கு ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

டே இங்கிலாந்து தேசத்தில் ஸஸெக்ஸ் மாகாணத்து மேரஸ்பீல்டு என்னுமிடத்தில் 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆம் நாள் பிறந்தார். இவர் குடும்பம் நிலபுலம் உடையது. ஷ்ரூஸ்பரிப் பள்ளியில் கல்வி பயின்று, பின்னர் இலண்டன் நகரத்து ஸெயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். 1852 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்தார். அவ்வமயம் பர்மா நாட்டோடு இரண்டாம் போர் நடந்துகொண்டிருந்தது. அதிலும் இவர் பணிபுரிந்தார். பின்னர் குடகு நாட்டு மெர்க்காராவிலும், ஐதராபாத்திலும், கொச்சியிலும் மருத்துவராக அமர்ந்தார்.

இளமை தொட்டே உயிர்களின் இயல்பை நுணுகி நோக்குவதில் இவருக்கு விருப்பம் மிகுதி. அவ்விருப்பம் மீன்களைப் பற்றி நின்றது கொச்சியில்தான்.

கொச்சி வாழ்க்கை

நம் ஏலமலைத் தொடரின் மேற்குச் சரிவில் விழும் மழை பெரியாறாக ஓடிக் கொச்சிக்கு அண்மையில் அரபிக்கடலோடு கலக்கின்றது. 1895 ஆம் ஆண்டில் முல்லைப்பெரியாற்று அணை முடிந்த பின்னர் அந்நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கிற்கு வந்தது. ஆதலின் டே வாழ்ந்த கொச்சியை நமக்குத் தொடர்பற்ற ஊர் என்று கருதுதல் வேண்டா. மலையின் இருபுறமும் நின்று ஒரே நீரைப் பகிர்ந்து உண்ணும் அயலாரே நாமும் அவரும்.

கொச்சியில் கடலும் காயலும் ஆறும் கூடுகின்றன. மீன் அங்கே ஏழைக்கும் செல்வர்க்கும் நாள் உணவு. நோயாளரைப் பார்க்கச் செல்லும் மருத்துவர் அவர் உண்ணும் உணவையும் பார்த்தல் இயல்பன்றோ? டே அங்காடிக்குச் சென்று மீன்களைக் கண்டார். வலைஞரிடம் பெயர்களைக் கேட்டார். ஒவ்வொன்றையும் வாங்கி அளந்து, பற்களையும் செதில்களையும் முட்களையும் எண்ணி எழுதிவைத்தார். எம்மீன் உண்ணத்தக்கது, எதன் நெய் மருந்துக்காவது, எது தென்னைக்கு எருவாகப் போகின்றது என்பனவும் அவர் குறிப்பில் இடம்பெற்றன. மத்தி என்றும் சாளை என்றும் நாம் வழங்கும் மீன் சில ஆண்டுகளில் எல்லையின்றித் திரண்டு வருதலும், சில ஆண்டுகளில் வாராதொழிதலும் அவர் கருத்தை ஈர்த்தன.

கொச்சிநாட்டின் பழமையையும் நடப்பையும் விரித்து 1863 இல் ஒரு நூலும், மலையாளக்கரை மீன்களைப் பற்றி 1865 இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். பின்னதே இவரை அறிஞருலகிற்கு அறிமுகப்படுத்தியது.

மீனைப்பற்றி எழுதியவர்களுள் டே முதல்வர் அல்லர். தரங்கம்பாடியிலிருந்த மிஷனெரி ஜான் ஐயர் நம் கடல்மீன்களை ஜெர்மானிய அறிஞராகிய பிளாக் என்பார்க்கு அனுப்பி உதவினார். கத்தாளை மீன்களுள் ஓரினம் அம்மிஷனெரியின் பெயராலேயே ஜானியஸ் என வழங்குகின்றது. விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி ரஸ்ஸல் என்பார் 1803 இலும், கங்கை மீன்களைப் பற்றி ஹாமில்டன் என்பார் 1822 இலும் நூல் எழுதினர். இவர்கள் இட்ட வழியில் டே நெடுந்தூரம் சென்றார்.

அவர்க்குத் துணைநின்றோர் பலர். ஏலமலைக்கு மேற்கே, மலையடிவாரத்து முண்டக்கயத்தில் ஹென்றி பேக்கர் என்னும் மிஷனெரி மலைவாணர் நடுவே தொண்டு செய்துகொண்டிருந்தார். அவர் மலையோடைகளில் கிடைத்த மீன்களைச் சேர்த்து டேயிடம் சேர்ப்பித்தார். அவற்றுள் ஒன்றற்குப் பேக்கர் பெயரையே டே சூட்டினார். அதே மலையோடை மீன்களுள், உடலில் செங்கோடும் கருங்கோடும் ஓடும் அழகிய சிறுமீன் ஒன்றற்கு அக்காலத்துச் சென்னைக் கவர்னராயிருந்த டெனிசன் பெயரை இட்டார். இச்சிறுமீனின் பிற்கால வரலாறு எண்ணத்தக்கது. கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் பொருட்டு அயல்நாட்டார் அதனை விரும்பி வாங்கினர். மலையோடைகளிலிருந்து அளவிறந்து வாரப்பட்டது. இன்று அழியும் நிலையிலுள்ள இனங்களின் வரிசையில் அஃது எண்ணப்படுகின்றது. வாங்கிய கைகளுக்கு அது மேலைமலையின் சில ஓடைகளிலன்றி வேறெங்கும் இயல்பாக வாழாத உயிர் என்னும் செய்தி போய்ச் சேரவில்லை. பெயர் அறிந்தால் மட்டும் போதாது. அப்பெயரோடு அதன் நிலையும் அறியப்படுதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

அணையும் உல்லமும்

டே புத்தகம் எழுதும் அறிஞராகவே நின்றிருப்பின் இத்துணை நினைக்கப்படார். அவரை நாட்டுப்பணிக்கு இழுத்தது காவிரி நாட்டில் எழுந்த ஓர் ஐயமாகும்.

கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் 1836 ஆம் ஆண்டளவில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியியலாரால் கட்டப்பெற்றன. தஞ்சை வயல்கள் அவற்றால் செழித்தன. ஆயினும் கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன்களுக்கு இவ்வணைகள் தடையாகின்றனவோ, அதனால் கரைக்கடலின் மீன்வளமும் குன்றுமோ என்னும் கவலையை 1867 இல் வெளியிட்டவர் அக்காட்டன் பெருமகனாரே. தாம் செய்த நற்பணியின் நிழலில் ஒரு கேடு மறைந்திருக்கலாகாதென ஆராய்ந்த அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது. அக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பு டேயிடம் வந்தது.

டே சென்னை மாகாணத்து ஆறுகளை நேரிற் சென்று பார்வையிட்டார். தமிழில் உல்லம் என்றும், வங்காளத்தில் இலிசா என்றும் வழங்கும் மீன் தென்மேற்குப் பருவத்துப் புதுவெள்ளத்தோடு கடலினின்று ஆற்றில் ஏறுவது. அது கொள்ளிடத்தில் ஏறி வருங்கால் அணைச்சுவர் எதிர்நிற்கின்றது. மேற்செல்ல இயலாது அடியில் திரளும் மீனை அள்ளுதல் எளிது. ஆகவே முட்டை சுமந்த தாய்மீன்களே பெருவாரியாக மடிந்தன. அணையால் ஓர் இடையூறு, அணையடியில் நிற்கும் வலையால் மற்றோர் இடையூறு என்று இரட்டைக் கேட்டினை அவர் கண்டார். அணைகளில் மீன் ஏறுதற்குப் படிவழி அமைக்கவேண்டுமென்றும், அணையடியில் மீன்பிடித்தலைத் தடுக்கவேண்டுமென்றும் அவர் அறிவுரை கூறினார்.

பிற்காலத்தில் நிகழ்ந்தது இக்கவலையை மெய்ப்பித்தது. 1934 இல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரியிலும் கொள்ளிடத்திலும் புதுவெள்ளம் குறைந்தது. உல்லத்தின் வரவும் அருகிப்போயிற்று. ஒருகாலத்தில் ஆற்றங்கரை ஊரார் நன்கறிந்த அம்மீனின் பெயரை இன்று அவ்வூர்ப் பிள்ளைகள் அறிவது அரிது. மீன் மறையும்போது அதன் பெயரும் மொழியினின்று உதிர்கின்றது. தமிழ் பயில்வோர்க்கு இஃது இரட்டை இழப்பாகும்.

ஊர்தோறும் கேட்ட வினா

1871 ஆம் ஆண்டில் டே இந்திய மீன்வளத்தின் தலைமை மேற்பார்வையாளராக நியமனம் பெற்றார். பர்மா, அந்தமான் தீவுகள், ஒரிஸ்ஸா, சிந்து, பஞ்சாப் எனப் பல நாடுகளுக்கும் அவர் சென்றார். ஒருவரே எல்லா ஆற்றையும் குளத்தையும் காண்டல் இயலாது. ஆதலின் அவர் ஒரு புதுமுறையைக் கையாண்டார். மாகாணங்களின் கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் வினாக்கள் அனுப்பப்பட்டன.

அவ்வினாக்களின் திறம் நோக்கத்தக்கது. உங்கள் பகுதியில் மீன்பிடித்தே பிழைப்போர் உளரா, அன்றிப் பிற தொழிலோடு இதனையும் செய்வாரா? அங்காடிக்குப் போதிய மீன் வருகின்றதா? ஆட்டிறைச்சியின் விலைக்கு மீன்விலை எவ்வாறு உள்ளது? மீன் முன்னையினும் கூடியுள்ளதா, குறைந்துள்ளதா? வலைக்கண்ணின் மிகச் சிறிய அளவு யாது? மழைக்காலத்தில் வயல்களிலும் வாய்க்கால்களிலும் சிறுகுஞ்சுகளைப் பிடிக்கின்றனரா? பொறிகளின் பெயர் யாது? நீரில் நஞ்சு கலக்கும் வழக்கம் உண்டா? இவ்வாறு சென்ற வினாக்களுக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் விடைகள் வந்து குவிந்தன. அவற்றையெல்லாம் தொகுத்து, தம் கருத்தையும் சேர்த்து, 1873 ஆம் ஆண்டில் நன்னீர் மீன்களைப்பற்றி ஒன்றும் கடல்மீன்களைப்பற்றி ஒன்றுமாக இரண்டு பேரறிக்கைகளை அவர் வெளியிட்டார்.

அறிக்கைகளின் சாரம் இது: மீன் எடுக்க எடுக்கக் குறையாத செல்வம் என்னும் எண்ணம் பிழையானது. பழைய அரசர் காலத்தில் பல இடங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருந்தது; குத்தகையாளன் தன் நலம் கருதியேனும் வித்தினைக் காத்தான். ஆங்கில ஆட்சியில் அக்குத்தகைகள் பல இடங்களில் கைவிடப்பட்டன. எல்லார்க்கும் திறந்துவிடப்பட்ட நீரில் காப்பார் ஒருவரும் இலராயினர். ஓடைகளை மறித்தும், கண் மிகச் சிறிய வலைகளால் குஞ்சுகளை வாரியும், நஞ்சூட்டியும் மீன் அழிக்கப்படுகின்றது. ஆதலின் வலைக்கண்ணுக்கு அளவு வகுத்தல் வேண்டும். நிலையான பொறிகளையும் நஞ்சையும் விலக்குதல் வேண்டும். சிறுகுஞ்சுகளை விற்பதைத் தடுத்தல் வேண்டும்.

கண்மாய்களும் வாய்க்கால்களும் நிறைந்த மதுரை, தேனிப் பக்கத்தாராகிய நாம் இதனை எளிதில் உணரலாம். மழை பெய்து புதுநீர் ஓடும்போது கெண்டையும் கெளுத்தியும் விராலும் எதிரேறி வயலுக்குள் புகுகின்றன. அவ்வமயம் மடையில் ஒரு பொறியை வைத்தால் தாயும் குஞ்சும் ஒருங்கே அகப்படும். ஒருநாள் உணவு கிடைக்கும். ஓராண்டின் விளைவு போய்விடும்.

இனி, டேயின் கருத்துக்களை அரசாங்கம் உடனே ஏற்றுக்கொண்டதா எனில், இல்லை. கடலும் ஆறும் வற்றா என்று நம்பிய அதிகாரிகள் பலர். மீன்பிடித்தலைக் கட்டுப்படுத்தினால் ஏழைகளின் வாயில் மண் விழும் என்று அஞ்சியவரும் உண்டு. பின்னவரின் அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. வயலோரத்துச் சிறுமீனைப் பிடித்து உண்பவர்க்கு வேறு உணவு யாது? அணையைக் கட்டியவர் அரசினர். வரி வாங்கியவர் அரசினர். வலையின் கண்ணை அளக்கும்போது மட்டும் குற்றம் வலைஞன் தலையில் ஏறுவது முறையாகுமா? டேயின் அறிக்கைகளில் மீனின் துன்பம் தெளிவாகத் தெரியுமளவிற்கு மீனவரின் துன்பம் எப்போதும் தெரியவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் மீன் அற்றுப்போனால் முதலில் பசித்திருப்பவர் அவ்வேழையரே என்னும் அவருடைய அடிப்படை எண்ணம் பழுதற்றது.

உப்பும் கருவாடும்

ஏழையரின் நிலையை டே நன்கு கண்ட இடம் ஒன்று உண்டு. அஃது உப்பு வரியாகும். இச்செய்தி கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. கருவாடு உண்ணும் நம் மலையடிவார ஊர்கட்கும் உரியது.

கரையில் மிகுதியாகக் கிடைக்கும் மீன் உள்நாட்டிற்கு வரவேண்டுமாயின், பனிக்கட்டியும் இருப்புப்பாதையும் பரவாத அக்காலத்தில், அதனை உப்பிட்டு உலர்த்துவதே வழி. உப்பின்மேல் அரசாங்கம் வரி விதித்திருந்தது. மீனின் விலையினும் அதற்கு இடவேண்டிய உப்பின் விலை மிகுந்தது. ஆகவே மீனவர் உப்பைக் குறைத்தனர். சிலர் உவர்மண்ணைக் கொண்டே மீனைப் பதப்படுத்தினர். அவ்வாறு செய்த கருவாடு விரைவில் கெட்டு நாற்றமடைந்தது. அதனை உண்டவர் உடல்நலம் கெடும் என்று மருத்துவராகிய டே எடுத்துரைத்தார். மீன் மிகுந்த காலத்தில் உப்பின்றி அழுகி, கடற்கரையில் எருவாகக் கிடக்க, உள்நாட்டில் மக்கள் உணவின்றி வாடுவது அறிவுடைமையன்று என்பது அவர் வாதம். மீன் பதப்படுத்துவோர்க்குக் குறைந்த விலையில் உப்புக் கொடுக்கவேண்டுமென்று அவர் அரசாங்கத்தை வற்புறுத்தினார்.

இவ்வொன்றில் அவர் சொல் ஓரளவு பயன் தந்தது. சென்னை மாகாணக் கரையோரத்தில் உப்புத் துறையினரின் மேற்பார்வையில் மீன் பதனிடும் கொட்டில்கள் ஏற்பட்டன. 1880 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவை பல ஊர்களுக்கும் பரவின. அங்கே வரியின் சுமையின்றி உப்புப் பெற்று மீனவர் மீனை உலர்த்தினர். பிடித்த மீன் வீணாகாமற் காப்பதும் மீன்வளத்தைக் காப்பதன் ஒரு பகுதியே என்பதை டே இதனால் உணர்த்தினார். கடலிலிருந்து பத்து மீன் எடுத்து ஐந்தை அழுகவிடுவதினும், ஐந்து எடுத்து ஐந்தையும் உண்பது நலமன்றோ?

இந்திய மீன்கள் என்னும் பெருநூல்

நிற்க. டேயின் பெயரை நிலைநாட்டிய நூலுக்கு வருவோம். 1875 முதல் 1878 வரை நான்கு பகுதிகளாக அவர் வெளியிட்ட இந்திய மீன்கள் என்னும் ஆங்கிலப் பெருநூல் இன்றும் இத்துறையில் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் கடலிலும் நன்னீரிலும் வாழும் மீன்கள் அதில் விளக்கப்பெற்றுள்ளன. நூற்றுத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட படத்தாள்கள் அந்நூலை அணிசெய்கின்றன.

இந்நூலில் தமிழ் மாணவர் கருதத்தக்க சிறப்பு ஒன்று உண்டு. மீனின் இலத்தீன் பெயரைக் கூறியபின், அந்தந்த நாட்டு மக்கள் வழங்கும் பெயர்களையும் டே குறித்துள்ளார். தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் முதலிய மொழிப்பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவர் செவியிற் பட்டவாறு ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டமையால் சில சொற்கள் உருமாறியுள்ளன. ஆயினும் அவை நம் கடற்கரை மக்கள் நாவினின்று நேரே எடுக்கப்பட்டவை.

நம் பழைய உரையாசிரியர்கள் அயிரை, வாளை, சுறா முதலிய பெயர்கள் வருமிடத்துப் பெரும்பாலும் ஒருவகை மீன் என்று கூறிச் செல்வர். அவர்காலத்துக் கேட்போர்க்கு அதுவே போதுமானதாயிருந்தது. மீனைக் காணாமல் நூலை மட்டும் கற்கும் நமக்கு அது போதாது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் பல மீன்பெயர்களுக்கு நேரே நிறமும் நீளமும் இலத்தீன் பெயரும் காணப்படுகின்றன. சொல்லையும் உயிரையும் இணைக்கும் இப்பாலத்திற்குக் கல் எடுத்து வைத்தவர்களுள் டேயும் ஒருவர்.

ஆயினும் ஒரு குறை. இப்பேரறிவு எங்கிருந்து வந்தது? கொச்சிக் காயலின் வலைஞரிடமிருந்தும், சென்னைக் கரையின் மீன்விற்கும் பெண்டிரிடமிருந்தும், ஊர்த் தாசில்தார்களிடமிருந்தும் வந்தது. எங்கே சென்றது? ஆங்கிலம் அறிந்தார் கைக்கும், அருங்காட்சியகங்களின் அலமாரிக்கும் சென்றது. கொடுத்தவர் வீட்டிற்கு அது திரும்பி வரவில்லை. எந்த மீன் அருகிவருகின்றது, எந்த மாதத்தில் எதனை விடவேண்டும் என்னும் செய்தி அரசாங்க அறிக்கையில் அச்சாகி அங்கேயே உறங்கிற்று. இதனை டே ஒருவரின் குற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அக்கால ஆட்சியின் இயல்பு அது.

தாயகம் திரும்பியபின்

இல்வாழ்க்கையில் டே பெருந்துயர் கண்டவர். முதல் மனைவியார் 1869 இலும், இரண்டாம் மனைவியார் மணமாகி ஓராண்டளவில் 1873 இலும் காலமாயினர். மலைபோல் குவிந்த வேலைக்கிடையே இத்துயரங்களையும் அவர் தாங்கினார். 1877 ஆம் ஆண்டில் பணியினின்று ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார்.

அங்கும் அவர் ஓய்ந்திருந்தாரில்லை. பிரிட்டிஷ், அயர்லாந்து மீன்களைப்பற்றி 1880 முதல் 1884 வரை ஒரு பெருநூல் வெளியிட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞராகிய குந்தர் என்பாரோடு அவருக்குக் கருத்து வேறுபாடு மிகுந்திருந்தது. அதன் பயனாக, அவர் அரிதின் ஈட்டிய மீன்தொகுதிகள் ஓரிடத்தில் நில்லாது பல நாடுகளுக்குச் சிதறின. ஒரு பகுதி ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்து அருங்காட்சியகத்தை அடைந்தது. கல்கத்தாவிலும் ஒரு பகுதி தங்கியது. நம் ஆற்று மீன்களின் முதல் மாதிரிகளைக் காண ஆராய்ச்சியாளர் கடல் கடந்து செல்ல நேர்ந்தது இதனாலேயே.

1883 ஆம் ஆண்டில் இலண்டனில் உலக மீன்வளக் கண்காட்சி நடைபெற்றது. இந்தியப் பகுதியின் பொறுப்பு டேயிடம் இருந்தது. இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அக்காட்சியைக் கண்டனர். நம் நாட்டு மீன்களையும் வலைகளையும் பொதுமக்கள் திரள்திரளாகக் கண்டு அறிந்தது அங்கேதான். ஆனால் அப்பொதுமக்கள் இலண்டன் மக்கள்! மயிலாப்பூர்க் குப்பத்தாரும் தூத்துக்குடிப் பரதவரும் அதனைக் காணவில்லை. அக்கண்காட்சியின் தொடக்கவுரையில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞர் பெருங்கடலின் மீன்வளம் வற்றாதது என்னும் கருத்தை வெளியிட்டார். அறிவிற் சிறந்த அவர் அவ்வாறு கூற, இந்திய ஆறுகளில் மீன் குறைவதை ஊர்தோறும் கேட்டறிந்த டே அதே கூடத்தின் ஒரு பகுதியில் பணிசெய்துகொண்டிருந்தார். பின்வந்த நூற்றாண்டு ஹக்ஸ்லியின் கருத்தைப் பொய்யாக்கியது.

1885 இல் அரசாங்கம் டேக்கு ஸி.ஐ.இ. என்னும் பட்டம் அளித்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்களைப்பற்றிய நூல்வரிசையில் மீன்களுக்குரிய இரண்டு தொகுதிகளை அவர் எழுதினார். ஆயிரத்து நானூற்றுக்கு மேற்பட்ட மீனினங்கள் அவற்றில் இடம்பெற்றன. அவை வெளிவந்த 1889 ஆம் ஆண்டிலேயே, ஜூலை மாதம் 10 ஆம் நாள், செல்ட்டனம் என்னும் ஊரில் அறுபதாம் வயதில் டே உயிர்நீத்தார்.

விதைத்தது விளைந்தவாறு

அவர் மறைந்து எட்டாண்டு கழிந்தபின் 1897 இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடிமருந்தாலும் நஞ்சாலும் மீன் கொல்லுதல் அதனால் விலக்கப்பட்டது. பொறிகளையும் வலைக்கண்ணையும் குறித்து விதி செய்யும் அதிகாரம் மாகாண அரசுகளுக்கு அளிக்கப்பட்டது. டே 1873 இல் கேட்டவற்றுள் ஒரு பகுதி இவ்வாறு நிறைவேறிற்று. 1905 இல் ஸர் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாண மீன்வள ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். அவர் மீனவரையே கூட்டுறவிலும் கல்வியிலும் ஈடுபடுத்த முயன்றது டேயின் முறையினும் ஒருபடி உயர்ந்ததாகும். நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

இன்று தமிழ்நாட்டில் 1983 ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கேரள அரசு 2015 முதல் பல மீன்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்த அளவினை வகுத்துள்ளது. டேயின் நூல் இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றது. எந்தத் திங்களில் எம்மீனை வாங்கலாம், எதனை விடலாம் என்று நுகர்வோர்க்கு எடுத்துரைக்கும் இன்சீசன் பிஷ், நோ யுவர் பிஷ் போன்ற முயற்சிகளும் நம் நாட்டில் எழுந்துள்ளன. இவையெல்லாம் மகிழத்தக்கனவே.

எனினும் போடிநாயக்கனூர் அங்காடியில் மீன் வாங்கும் தாய்மார்க்கு இவற்றுள் எவ்வளவு எட்டுகின்றது? தடைக்காலம் வந்தால் விலை ஏறுமென்று அவர் அறிவார்; அஃது ஏன் வருகின்றது என்று அவருக்குச் சொல்வார் சிலரே. காரணம் சொல்லப்படாத தடை சுமையாகத் தோன்றும். காரணம் அறிந்தவர்க்கு அதுவே சேமிப்பாகத் தோன்றும். சாண் நீளத்துக்குக் குறைந்த வஞ்சிரக் குஞ்சு மலிவாக வந்தால் அதனை வாங்குவதா, விடுவதா என்னும் முடிவு சட்டமன்றத்தில் ஆவதன்று. அங்காடியில் ஒவ்வொரு நாளும் ஆவது. அம்முடிவைச் செய்பவர்க்கு உரிய அறிவு அவர்தம் மொழியில், அவர் வாங்கும் இடத்தில், அவர் வழங்கும் பெயரில் இருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் தமிழ் மாணவராகிய நமக்கு ஒரு கடன் உளது. உயிர்நூல் பயிலும் நண்பர்கள் மீனை அறிவர். நாம் சொல்லை அறிவோம். இருவரும் கூடினால், நம் வட்டாரத்தில் விற்கும் மீன்களுக்கு ஒரு சிறு பெயரேடு செய்தல் அரிதன்று. வஞ்சிரமும் நெய்மீனும் ஒன்று, மத்தியும் சாளையும் ஒன்று என்று தொடங்கி, ஒவ்வொன்றின் பருவமும், முற்ற வளர்ந்த அளவும், கிடைக்கும் கடலும் எளிய தமிழில் எழுதி, அங்காடிச் சுவரில் ஒட்டலாம். நம் கண்மாய் அயிரைக்கும் கெண்டைக்கும் அதில் இடம் தரலாம். மீன்விற்போரிடமும் முதியோரிடமும் கேட்டு எழுதினால் அவர்கள் அறிந்தவை பலவும் அதில் சேரும்.

டே கேட்டார், எழுதினார், அச்சிட்டார். அதனைக் கொடுத்தவர்க்கே திருப்பிக் கொடுக்கும் நான்காம் பணி எஞ்சியுள்ளது. மருத்துவர் ஒருவர் வேற்றுமொழியில் தனியராய் நின்று முப்பதாண்டுகள் உழைத்தார். தாய்மொழியில், நண்பர் பலரோடு, ஒரு கோடை விடுமுறையில் நாம் அப்பணியைத் தொடங்கலாகாதா?